இருவாழ்விகள், ஊர்வனவற்றில் சினைமுட்டை வளர்ச்சி

தவளை, தேரை முதலிய இருவாழ்விகளிலும் பல்லி, பாம்பு, ஆமை முதலிய ஊர்வனவற்றிலும் சினைமுட்டை என்பது ஒற்றைச் செல்தான். ஆனாலும் சூலகத்தை விட்டு வெளியேறும்போது அது வெறுங்கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பருத்திருக்கும். கரு வளரத் தேவையான உணவும் புரதம் செய்யும் கருவிகளும் அதற்குள் நிரம்பியிருக்கும். இவை அனைத்தையும் அந்தச் செல் தனியே சேர்ப்பதில்லை. தாயின் கல்லீரலும் முட்டையைச் சூழ்ந்த பாலிக்கிள் செல்களும் அதற்காக உழைக்கின்றன. இந்த உழைப்பு பகிரப்படும் விதத்தில்தான் தவளையும் பல்லியும் வேறுபடுகின்றன.

தவளையின் சூலகம் பல மடல்களாகப் பிரிந்த, உள்ளே வெற்றிடமுள்ள மெல்லிய பை. அதன் சுவரில் எல்லாப் பருவத்து முட்டைகளையும் ஒருசேரப் பார்க்கலாம். இளையவை ஒளி ஊடுருவும் நுண்மணிகள். மஞ்சட்கரு சேரத் தொடங்கியதும் அவை வெளுத்து, பின் பழுப்பேறுகின்றன. முதிர்ந்த முட்டையில் ஒரு பாதி கருமையாகவும் மறுபாதி வெளிறியும் இருக்கும். கரும்பாதியில் உட்கருவும் வெளிர்பாதியில் மஞ்சட்கருவின் பெரும்பங்கும் அமைகின்றன. ஆப்பிரிக்க நகத்தவளையில் இவ்வளர்ச்சியை 1972-இல் டூமான்ட் 6 நிலைகளாக வகுத்தார். ஆறாம் நிலை முட்டையின் விட்டம் 1.2 முதல் 1.3 மில்லிமீட்டர்.

மஞ்சட்கருப் புரதத்தின் மூலப்பொருள் சூலகத்தில் உருவாவதில்லை. பாலிக்கிள் செல்கள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் கல்லீரலைத் தூண்ட, கல்லீரல் வைட்டெல்லோஜெனின் என்ற புரதத்தை இரத்தத்தில் விடுகிறது. முட்டை அதை உறிஞ்சிச் சிறு துண்டுகளாக வெட்டி, தட்டையான மணிகளாகச் சேமித்துக்கொள்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஏற்றினால் ஆண் தவளையின் கல்லீரலும் இதே புரதத்தைச் செய்கிறது! ஊர்வனவற்றிலும் மஞ்சட்கரு இவ்வழியில்தான் வருகிறது.

புரதம் செய்யும் கருவிகளான ரைபோசோம்கள் விஷயத்தில் தவளை முட்டை தன் கையையே நம்புகிறது. குன்றல் பகுப்பின் முதற்கட்டத்திலேயே நெடுநாள் நின்றுவிடும் அதன் குரோமோசோம்கள், இருபுறமும் கண்ணிகளை நீட்டி ஆர்.என்.ஏ.வை உற்பத்தி செய்கின்றன. விளக்குத்தூரிகைக் குரோமோசோம்கள் எனப்படும் இவற்றை வால்தர் ஃப்ளெமிங் 1882-இல் சாலமாண்டர் முட்டையில் கண்டு விவரித்தார். குரோமோசோம்கள் இவ்வடிவம் பெறும் முன்பே ரைபோசோம் ஆர்.என்.ஏ.க்கான மரபணுக்கள் மட்டும் தனியே பல்லாயிரம் படிகளாகப் பெருகிவிடுகின்றன. சாதாரண செல்லில் ஓரிரு நியூக்ளியோலஸ்களே இருக்க, நகத்தவளை முட்டையில் ஏறத்தாழ 1,500 இருப்பது இதனால்தான்.

பல்லிகளிலும் பாம்புகளிலும் இந்தச் சுமையை அண்டைச் செல்கள் தாங்குகின்றன. இளம் முட்டையைச் சுற்றியுள்ள பாலிக்கிள் செல்களில் சில பருத்து, பேரிக்காய் வடிவம் பெறுகின்றன. அவற்றின் குறுகிய கழுத்து முட்டையின் உறையைத் துளைத்துச் சென்று முட்டையோடு நேரடியாக இணைந்துவிடும். அந்தப் பாலத்தின் வழியே ஆர்.என்.ஏ.வும் செல் உறுப்புகளும் முட்டைக்குள் போய்ச் சேர்கின்றன. மஞ்சட்கரு திரளும் பருவம் நெருங்கியதும் அச்செல்கள் எஞ்சியதையும் கொடுத்துவிட்டு மடிகின்றன. ஆமைகளிலும் முதலைகளிலும் இவை இல்லை. முதுகெலும்பிகளின் முட்டை வளர்ச்சியில் இதைவிட வியப்பான ஏற்பாடு அரிது. பொதுப் பாடநூல்கள் இதைக் கண்டுகொள்ளாமல் போவது பெருங்குறை.

முட்டைகளின் எண்ணிக்கையும் பெரிதும் மாறுபடும். தவளை ஒரே முறையில் நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ இடுகிறது. வீட்டுப்பல்லி பெரும்பாலும் இரண்டு. அமெரிக்கப் பச்சை அனோல் ஓணானில் வலச் சூலகமும் இடச் சூலகமும் மாறிமாறி, ஒரு முறைக்கு ஒன்றாக முட்டையை வெளியேற்றுகின்றன.

கருவில் சூலகமும் விந்தகமும் ஒரே முன்னோடி உறுப்பிலிருந்து எழுகின்றன. அதன் புறப்பகுதி தடித்து இனச்செல்களை ஏற்றால் சூலகம். உட்பகுதி ஓங்கினால் விந்தகம். தேரைகளில் இந்தத் தீர்ப்பு முழுமையாவதில்லை. ஆண் தேரையிலும் விந்தகத்தின் முனையில் பிடர் உறுப்பு என்ற வளர்ச்சி குன்றிய சூலகம் ஒட்டியிருக்கிறது. விந்தகத்தை நீக்கினால் அது முட்டைகளை வளர்க்கத் தொடங்கும்.

ஊர்வன பலவற்றில் தீர்ப்பு வெப்பத்தின் கையில் இருக்கிறது. 1966-இல் மாதலின் ஷார்னியே செனகலில் அகாமா ஓணானில் இதை முதலில் காட்டினார். சென்னைக் கடற்கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமையிலும் மணல் சூடேறினால் குஞ்சுகள் பெண்ணாகின்றன. ஆமைகளில் இளம் உறுப்பு சூலகமாகும்போது அரோமட்டேஸ் நொதி ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்ற, புறப்பகுதி வளர்கிறது.

நம் தோட்ட மண்ணிலும் பூந்தொட்டிகளிலும் நெளியும் செவிப்பாம்பில் ஆணே கிடையாது. மும்மடிக் குரோமோசோம் கொண்ட இதன் முட்டைகள் விந்தணு இன்றியே குட்டிப் பாம்புகளாகின்றன. பெண்கள் மட்டுமே உள்ள அமெரிக்கச் சாட்டைவால் பல்லிகளில் இதன் சூட்சுமம் தெளிவாகியுள்ளது: குன்றல் பகுப்புக்கு முன் குரோமோசோம்கள் கூடுதலாக ஒருமுறை இரட்டிக்கின்றன, ஒன்றின் படிகளான குரோமோசோம்களே தம்முள் இணைகின்றன, எனவே பகுப்பு முடிந்த பின்னும் முட்டையில் தாயின் முழுத் தொகுதி அப்படியே நிற்கிறது.