15 வயசாகும் எஸ்யூவி: வச்சுக்கலாமா, கொடுத்துடலாமா? ஆர்சி புதுப்பிப்பு முதல் ஸ்கிராப் வரை முழு விவரம்

தமிழ்நாட்டில் 15 வருஷம் முடிந்ததும் கார் 'செத்துப்போய்விடாது'. ஆனால் ஆர்சியில் இருக்கும் தேதியை மறந்தால் வண்டியும் பணமும் சேர்ந்து போகும். பழைய எஸ்யூவி வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

கரையான்சாவடி சந்திப்பில் கொஞ்ச நேரம் நின்றாலே போதும். ஆவடி பக்கம் திரும்புவது, குமணன்சாவடி பக்கம் போவது என்று குவாலிஸ், சுமோ, பொலேரோ, பழைய ஸ்கார்ப்பியோ எல்லாம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். டாடா சுமோ வந்தது 1994-ல். டொயோட்டா குவாலிஸ் 2000-ல். மஹிந்திரா ஸ்கார்ப்பியோ 2002-ல். குலதெய்வம் கோயில், கல்யாணம், ஆஸ்பத்திரி என்று குடும்பத்தோடு ஓடிய வண்டிகள் இவை. விற்கப் போனால் விலை கிடைக்காது, வைத்திருந்தால் செலவு என்ற குழப்பத்தில் பலர் இருக்கிறார்கள்.

சுருக்கமா சொன்னா...

* சொந்த உபயோக காருக்கு ஆர்சி 15 வருஷம் செல்லும். அதன்பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம்.
* டெல்லியில் இருக்கும் வயது தடை தமிழ்நாட்டில் இல்லை.
* புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். 20 வருஷம் தாண்டினால் 10,000 ரூபாய்.
* வண்டியை வைத்திருக்கலாமா என்பதை வயசு தீர்மானிக்காது. பேப்பர், ஸ்பேர், சேசிஸ் மூன்றும்தான் தீர்மானிக்கும்.

15 வருஷம் முடிஞ்சா வண்டி ஓட்டக் கூடாதா?

ஓட்டலாம், ஆனால் புதுப்பித்த பிறகு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 41-வது பிரிவுப்படி, சொந்த உபயோக வாகனத்தின் பதிவு 15 வருஷம் செல்லுபடியாகும். பிறகு வண்டியைக் காட்டி, தகுதியாக இருந்தால் 5 வருஷம் நீட்டிப்பார்கள். அதுவும் முடிந்தால் மறுபடி 5 வருஷம்.

நம்ம ஊரில் இதை 'எஃப்சி காட்டுறது' என்று சொல்வார்கள். உங்கள் தேதி எப்போது முடிகிறது என்பது ஆர்சியிலேயே இருக்கும். எம்-பரிவாஹன் ஆப்பிலும் பார்க்கலாம். வண்டி வாங்கிய வருஷத்தை மனக்கணக்கு போடாதீர்கள், பதிவான தேதியைப் பாருங்கள்.

டெல்லியில தடை போட்டாங்களே, அது இங்கேயும் வருமா?

அந்தத் தடை டெல்லி மற்றும் அதைச் சுற்றிய தலைநகர் மண்டலத்துக்கு மட்டும்தான். அங்கே 10 வருஷம் தாண்டிய டீசல், 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் பழைய வண்டிகளுக்கு பெட்ரோல், டீசல் போடக் கூடாது என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே நிறுத்தினார்கள்.

தமிழ்நாட்டில் இப்படி ஒரு வயது தடை இல்லை. 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு பசுமை வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருஷம் முடிந்ததும் கட்டாயமாக ஓரங்கட்டப்படுபவை அரசு வாகனங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் பல ஃபார்வர்டுகள் இந்த மூன்றையும் போட்டுக் குழப்புகின்றன.

ஆர்சி புதுப்பிக்க என்ன பண்ணணும்?

தேதி முடிவதற்கு முந்தைய 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம். பரிவாஹன் இணையதளத்தில் படிவம் 25-ஐ நிரப்பி, கட்டணம் கட்டி, வண்டியோடு ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போக வேண்டும். டிஎன் 12 என்றால் பூந்தமல்லி. டிஎன் 13 என்றால் அம்பத்தூர்.

போவதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை:

* இன்சூரன்ஸ், புகைச் சான்று இரண்டும் நடப்பில் இருக்கிறதா? பிஎஸ்-3 மற்றும் அதற்கு முந்தைய வண்டிக்கு புகைச் சான்று 6 மாசம்தான் செல்லும். பிஎஸ்-4 என்றால் ஒரு வருஷம்.
* நிலுவையில் இ-சலான் அபராதம் ஏதாவது இருக்கிறதா?
* லோன் முடிந்தும் ஆர்சியில் பேங்க் பெயர் அப்படியே இருக்கிறதா? பேங்கில் தடையில்லாச் சான்றும், கையெழுத்திட்ட படிவம் 35-ம் வாங்கி நீக்கிவிடுங்கள்.
* சேசிஸ் நம்பர் துருப்பிடிக்காமல், படிக்கும்படி இருக்கிறதா? ஆய்வாளர் முதலில் பார்ப்பது இதைத்தான்.
* ஹெட்லைட், இண்டிகேட்டர், பிரேக், ஹார்ன், வைப்பர், சீட் பெல்ட் எல்லாம் வேலை செய்கிறதா?

எவ்வளவு செலவாகும்?

2022 ஏப்ரல் 1 முதல் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். 2025 ஆகஸ்ட் மாதம் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பின்படி, 20 வருஷம் தாண்டிய காருக்கு 10,000 ரூபாய். அதாவது இரண்டாவது புதுப்பிப்பில் கட்டணம் இரட்டிப்பு. இறக்குமதி கார் என்றால் 80,000 ரூபாய். தாமதமாக விண்ணப்பித்தால் மாசத்துக்கு 500 ரூபாய் கூடுதல்.

கட்டாயமான மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், 1500 சிசிக்கு மேற்பட்ட காருக்கு வருஷத்துக்கு 7,897 ரூபாய். இது 2022 ஜூன் 1-ல் வந்த கட்டணம். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் சுமார் 9,318 ரூபாய். வண்டிக்கு வயசாகிறதே என்று இது குறையாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5,000 ரூபாயை 60 மாசத்துக்குப் பிரித்தால் மாசம் 83 ரூபாய். இன்சூரன்ஸ் மாசம் 776 ரூபாய். இரண்டும் சேர்ந்து சுமார் 860 ரூபாய். 20 வருஷம் தாண்டினாலும் 945 ரூபாய்க்குள்தான். ஆக, பழைய வண்டியை காஸ்ட்லியாக்குவது பேப்பர் செலவு இல்லை. ஒர்க்‌ஷாப் பில்தான்.

ஆர்சி தேதி முடிஞ்சும் ஓட்டினா என்ன ஆகும்?

போலீஸ் அபராதம் சின்ன விஷயம். பதிவு இல்லாத வண்டியை ஓட்டினால் முதல் தடவை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். பெரிய அடி இன்சூரன்ஸில்தான் விழும்.

ராஜஸ்தானைச் சேர்ந்த ஒருவர் புது பொலேரோ வாங்கினார். தற்காலிகப் பதிவு 2011 ஜூலை 19-ல் முடிந்தது. அதைக் கவனிக்காமல் ஜோத்பூர் போய், ஜூலை 28 இரவு தங்கும் விடுதிக்கு வெளியே வண்டியை நிறுத்தினார். காலையில் வண்டி இல்லை. பாலிசி இருந்தது, பிரீமியம் கட்டியிருந்தார். ஆனாலும் 2021 செப்டம்பர் 30-ல் உச்ச நீதிமன்றம், திருட்டு நடந்த நாளில் செல்லுபடியாகும் பதிவு இல்லாதது பாலிசி நிபந்தனையின் அடிப்படை மீறல் என்று சொல்லி, இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் தர வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது.

அது தற்காலிகப் பதிவு வழக்கு. ஆனால் 15 வருஷப் பதிவு முடிந்த வண்டிக்கும் இதே வாதத்தை இன்சூரன்ஸ் தரப்பு வைக்க முடியும். வெறும் 9 நாள் தாமதம், முழு வண்டியும் போச்சு என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பேர்ல இருக்கு... அவர் இப்போ இல்ல. என்ன செய்றது?

பழைய எஸ்யூவிகளில் அதிகம் மாட்டுவது இங்கேதான். உரிமையாளர் இறந்தால், வாரிசு 30 நாட்களுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரியப்படுத்த வேண்டும். அப்படித் தெரியப்படுத்தினால் 3 மாசம் வரை அந்தப் பெயரிலேயே வண்டியை ஓட்டலாம். அதற்குள் படிவம் 31 கொடுத்து பெயர் மாற்ற வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். இன்சூரன்ஸிலும் பெயர் மாற வேண்டும். 'எஃப்சி வரும்போது பாத்துக்கலாம்' என்று விட்டால், இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் கழுத்தைப் பிடிக்கும்.

ஃபுல் இன்சூரன்ஸ் போடணுமா?

5 வருஷம் தாண்டிய வண்டியின் மதிப்பு, நீங்களும் நிறுவனமும் பேசி முடிவு செய்வது. அந்தத் தொகையை ரொம்பக் குறைத்து எழுதினால் பிரீமியம் குறையும், ஆனால் பின்னால் வலிக்கும்.

உதாரணத்துக்கு, மதிப்பு 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ரிப்பேர் செலவு அதில் 75 சதவீதத்தை, அதாவது 1.5 லட்சத்தைத் தாண்டினால் 'டோட்டல் லாஸ்' கணக்கில் போய்விடும். அதற்குக் கீழே இருந்தால், 10 வருஷம் தாண்டிய வண்டியின் இரும்பு பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். 20,000 ரூபாய் கதவு மாற்றினால் 10,000 உங்கள் கையிலிருந்து. பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரிக்கும் அதே 50 சதவீதம்தான். கண்ணாடிக்கு மட்டும் கழிப்பு இல்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னை மேற்குப் புறநகரில், வெள்ளச் சேதத்துக்கு சொந்தச் சேத பாலிசி இருப்பது நல்லது. தண்ணீரில் நின்ற வண்டியை மட்டும் ஸ்டார்ட் பண்ணாதீர்கள். தண்ணீர் இன்ஜினுக்குள் போய் கனெக்டிங் ராடு வளைந்தால், சாதாரண பாலிசியில் பணம் கிடைப்பது கஷ்டம்.

கம்பெனியே மூடிட்டாங்க, ஸ்பேர் கிடைக்குமா?

இந்தக் கேள்விக்குப் பதில் நம்ம ஏரியாவிலேயே இருக்கிறது. கரையான்சாவடியிலிருந்து பூந்தமல்லி தாண்டி திருவள்ளூர் பக்கம் போனால், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை இருந்தது. மிட்சுபிஷி பஜேரோ அங்கிருந்துதான் வெளிவந்தது. இன்று அதே ஆலையில் சிட்ரோன் கார்கள் தயாராகின்றன. ஃபோர்டு எண்டெவர் தயாரானது மறைமலைநகரில். இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பர் 9-ல் அறிவித்தது. பக்கத்திலேயே தயாரான வண்டி என்றாலும், தயாரித்தவர் போய்விட்டால் ஸ்பேர் தேடும் வேலை உங்களுடையது.

பொலேரோ மாதிரி இன்னும் விற்பனையில் இருக்கும் மாடல் என்றால் பிரச்சினை குறைவு. குவாலிஸ், சுமோ மாதிரி லட்சக்கணக்கில் பழகிய வண்டிகளுக்கு மெக்கானிக்கும் உண்டு, ஸ்பேரும் உண்டு. எண்ணிக்கையில் குறைவாக விற்ற மாடல்களுக்குத்தான் ஒரு சென்சாருக்காக வண்டி வாரக்கணக்கில் நிற்கும்.

புதுப்பேட்டையில் கதவு, கண்ணாடி, சீட், பம்பர் மாதிரி பழைய பாகங்கள் வாங்கலாம். பிரேக் பாகங்கள், ஸ்டீயரிங் ஜாயிண்ட், ஏர்பேக், டயர் ஆகியவற்றைப் பழசாக வாங்கவே வேண்டாம்.

மெக்கானிக்கிட்ட எதைப் பார்க்கச் சொல்லணும்?

* சேசிஸ்: இந்த எஸ்யூவிகள் பெரும்பாலும் தனி சேசிஸ் மேல் பாடி உட்காரும் வண்டிகள். பாடியில் துரு என்றால் பட்டி பார்த்து பெயின்ட் அடிக்கலாம். சேசிஸில் துரு ஓட்டை விழுந்தால் அது வேற விஷயம்.
* ரப்பர்: ஹோஸ், புஷ், பிரேக் ஹோஸ், டைமிங் பெல்ட் எல்லாம் வண்டி ஓடாமல் நின்றாலும் கெடும். கிலோமீட்டரை மட்டும் பார்க்காமல் வருஷத்தையும் பாருங்கள்.
* பிரேக் ஆயில்: காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.
* டயர்: பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். பட்டன் நன்றாக இருந்தாலும் வயசான டயர் வெடிக்கலாம்.

பெரிய வண்டி, அதனால சேஃப்தானே?

அப்படிச் சொல்ல முடியாது. இந்தியாவில் எல்லா கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019-ல். டிரைவர் ஏர்பேக் கட்டாயமானதும் அதே வருஷம்தான். அதற்கு முந்தைய பல வண்டிகளில் இரண்டும் இல்லை. 2016-ல் குளோபல் என்கேப் நடத்திய மோதல் சோதனையில் ஏர்பேக் இல்லாத ஸ்கார்ப்பியோவுக்கு கிடைத்தது பூஜ்ஜியம் ஸ்டார். ஏர்பேக்கைப் பின்னால் பொருத்த முடியாது. ஆனால் பின் சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போடலாம், நெடுஞ்சாலையில் வேகத்தைக் குறைக்கலாம். பக்கவாட்டு சீட்டில் குழந்தைகளை உட்கார வைக்காமலும் இருக்கலாம்.

எப்போ விடை கொடுக்கணும்?

இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் யோசியுங்கள்:

1. சேசிஸ் வளைந்திருந்தால் அல்லது துருவில் ஓட்டை விழுந்திருந்தால்.
2. பிரேக், ஸ்டீயரிங் பாகங்கள் புதுசாகக் கிடைக்கவே இல்லை என்றால்.
3. பெயர் மாற்ற முடியாத அளவுக்கு பேப்பரில் சிக்கல் இருந்தால்.

அங்கீகரிக்கப்பட்ட ஸ்கிராப் மையத்தில் கொடுத்தால் 'வைப்புச் சான்றிதழ்' தருவார்கள். அதைக் காட்டி புது வண்டி வாங்கும்போது பதிவுக் கட்டணத்தில் விலக்கு பெறலாம். சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர மத்திய விதி இடம் கொடுக்கிறது, எவ்வளவு என்பதை மாநில அரசுதான் முடிவு செய்யும்.

எடைக்குப் போட்டுவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள். வண்டியை உடைத்துவிட்டால் 14 நாட்களுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்து பதிவை ரத்து செய்ய வேண்டும். இல்லையென்றால் அந்த நம்பரில் வேறு யார் என்ன செய்தாலும் முதலில் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

மொத்தத்துல...

பேப்பர் சுத்தம், சேசிஸ் திடம், ஸ்பேர் கைக்கெட்டும் தூரம் என்றால் 15 வயசு எஸ்யூவியை இன்னும் 5 வருஷம் தாராளமா வச்சுக்கலாம். இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். ஆர்சியை எடுத்து, கடைசி தேதியைப் பார்த்து, அதற்கு 60 நாள் முன்னாடி போனில் ஒரு அலாரம் வையுங்கள்.