வாயிற்பணமும் கழக வாழ்வும்: உதைபந்தாட்டக் கழகங்களின் வரவு செலவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

உதைபந்தாட்டத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் வெற்றி தோல்விகளையும் வீரர்தம் பெயர்களையும் பதிவு செய்வதோடு அமைந்துவிட்டனர். ஒரு கழகம் எவ்வாறு தோன்றியது, யாரை வென்றது என்பன அறியப்படுகின்றன. அது தன் செலவை எவ்வாறு ஈடுசெய்தது என்பது அறியப்படுவதில்லை. ஆயினும், ஆட்டத்தில் தோற்றமையால் அழிந்த கழகங்களைக் காட்டிலும், வரவுக்கும் செலவுக்கும் இடைப்பட்ட குறையை நிரப்பி வந்தவர் கைவிட்டமையால் நலிந்த கழகங்களே பல எனலாம். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது முதலாய கரையோர ஊர்களில் உதைபந்தாட்டத்தைப் பேணிவரும் கழகங்களுக்கு இவ்வரலாறு பயன்படக்கூடும் என்னும் எண்ணத்துடன் இங்கிலாந்து, இந்தியா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் சான்றுகள் சில இங்கு ஆராயப்படுகின்றன.

நுழைவுச்சீட்டு விற்றுப் பெறும் வாயிற்பணத்தை அடிப்படையாகக் கொண்ட கழக முறை இங்கிலாந்திலேயே உருப்பெற்றது. வீரருக்கு ஊதியம் வழங்குதல் அங்கு 1885இல் சட்டபூர்வமாக ஏற்கப்பட்டது. ஊதியம் தவறாது கொடுக்க வேண்டுமாயின் ஆட்டங்கள் தவறாது நடைபெற வேண்டும். அதன் விளைவாகவே 1888இல் பன்னிரு கழகங்கள் சேர்ந்து லீக் முறையைத் தொடக்கின. தொடக்கத்தில் வாயிற்பணம் ஆட்டத்தை நடத்திய கழகத்துக்கே உரியதாக, வந்து ஆடிய கழகத்துக்கு ஒரு குறித்த தொகை உறுதி செய்யப்பட்டது. பின்னர் வாயிற்பணத்தில் நூற்றுக்கு 20 வீதம் வந்த கழகத்தைச் சேரும் முறை நிலைபெற்றது. சிறிய கழகமின்றிப் பெரிய கழகம் ஆட இயலாது என்ற உண்மையை ஏற்றுக்கொண்ட ஏற்பாடு அது. 1983இல் பெரிய கழகங்களின் வற்புறுத்தலால் அப்பங்கீடு கைவிடப்பட்டது. தரங்களுக்கிடையே இன்று காணப்படும் பெரும் இடைவெளிக்கு அதுவும் ஒரு காரணமாகும்.

நமக்கு அண்மையிலுள்ள சான்று கல்கத்தாவின் முஹம்மதன் ஸ்போட்டிங் கழகமாகும். 1891இல் இப்பெயர் பூண்ட இக்கழகம் நெடுங்காலம் கீழ்ப்பிரிவுகளிலேயே ஆடிவந்தது. 1933இல் இரண்டாம் பிரிவிலிருந்து உயர்ந்து, 1934இல் முதற்பிரிவுக்கு வந்த ஆண்டிலேயே கல்கத்தா லீக்கை வென்ற முதல் இந்தியக் கழகமாயிற்று. 1938 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து அவ்வெற்றியை நிலைநாட்டியது. 1940இல் தில்லியில் டியூரண்ட் கிண்ணத்தையும் வென்றது. வங்காளத்துக்கு அப்பாலிருந்து, சிறப்பாக பெங்களூரிலிருந்தும் வடமேற்கு எல்லைப்புறத்திலிருந்தும், வீரரைத் தேடிக் கொணர்ந்தமையும், மழைக்காலச் சேற்றில் காலணியணிந்து ஆடப் பயிற்றியமையும் அவ்வெற்றிகளுக்குக் காரணங்களாகக் காட்டப்படுகின்றன. இவை யாவும் செலவுக்குரியன என்பது கவனிக்கத்தக்கது.

செலவு இவ்வாறு பெருகியபோதும் வாயிற்பணத்தின் மீது கழகத்துக்கு முழு உரிமை இருக்கவில்லை. கல்கத்தா மைதானம் இராணுவத்தின் பொறுப்பிலுள்ள நிலமாகும். அங்கு கழகங்கள் கூடாரங்களை அமைக்கலாமேயன்றி விரும்பியவாறு நிலையான அரங்கு எழுப்ப இயலாது. கோட்டைப் பக்கத்து மேட்டில் நின்று பணமின்றிப் பார்ப்போரும் பலர் இருந்தனர். ஆகவே உறுப்பினர் சந்தாவும் செல்வரின் கொடையுமே கழகத்தின் தூண்களாயின. 1947இன் பிரிவினையோடு அத்தூண்கள் ஆட்டங்கண்டன. ஆதரவாளரும் வீரரும் பலர் எல்லை கடந்து சென்றனர். 1948, 1957, 1967, 1981 ஆகிய ஆண்டுகளில் லீக்கை வென்றபோதும் பழைய தொடர்ச்சி மீளவில்லை. 2024இல் ஐ லீக்கை வென்று இந்தியாவின் உயர் லீக்கினுள் நுழைந்த இக்கழகம், முதலீட்டாளரை நம்பி நின்ற அப்பருவத்தில் ஊதியம் வழங்க இயலாது தடுமாறியது. 2025 சனவரியில் அதன் பயிற்றுநர் பதவி விலகினார். பருவ முடிவில் கழகம் கடைசி இடத்தைப் பெற்றது. ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளின் பின்னரும் குறையை நிரப்புவோர் யார் என்ற அதே வினாவே எஞ்சியது.

அமெரிக்காவில் இவ்வினா இன்னும் வெளிப்படையாக எழுந்தது. 1968இல் தொடங்கிய வட அமெரிக்க உதைபந்தாட்ட லீக்கில், வார்னர் நிறுவனத்துக்குரிய நியூ யோர்க் கொஸ்மொஸ் கழகம் 1975இல் பெலேயைப் பெருந்தொகைக்கு அழைத்து வந்தது. 1977 ஆகத்து 14ஆம் திகதி நடந்த அதன் ஆட்டமொன்றுக்கு 77,691 பேர் வந்தனர். இதனைக் கண்ட ஏனைய கழகங்களும் அவ்வாறே செலவிடத் தலைப்பட்டன. ஆயின் அவற்றுக்கு அத்தகைய கூட்டம் வரவில்லை. 1978இல் 24 கழகங்களைக் கொண்டிருந்த லீக் 1984இல் ஒன்பதாகச் சுருங்கி, அப்பருவத்தோடு முடிவுற்றது. வேறொரு தொழிலில் பேரிழப்புக் கண்ட வார்னர் நிறுவனம் கைவிட்டபின் கொஸ்மொஸ் கழகமும் 1985இல் ஓய்ந்தது.

அந்நாட்டில் வெற்றியினால் மேற்பிரிவுக்கு உயரும் முறை இல்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. இரண்டாம் பிரிவில் ஆடிய சின்சினாட்டி கழகத்தின் ஆட்டங்களுக்கு 2018இல் சராசரியாக 25,717 பேர் வந்தனர். எனினும் அக்கழகம் முதற்பிரிவில் இடம்பெறுதற்கு 15 கோடி டொலர் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. அத்தகைய தொகை வாயிற்பணத்தால் திரளக்கூடியதன்று.

இதற்கு மாறான வழியொன்றை டெட்ரோயிட் சிட்டி கழகம் காட்டியது. 2012இல் நண்பர் ஐவரால் தொடங்கப்பட்ட இக்கழகத்தில், பல்கலைக்கழக மாணவர் பலர் ஊதியமின்றி ஆடினர். யெமனியரும் வங்காளதேசத்தவரும் பெருவாரியாக வாழ்வதும், 2015இல் முஸ்லிம்கள் பெரும்பான்மை பெற்ற நகரசபையைத் தெரிந்ததுமான ஹம்ட்ராமிக் என்னும் சிறு நகரில், பாடசாலை நிருவாகத்துக்குரிய பழைய அரங்கொன்று இருந்தது. 1936இல் திறக்கப்பட்ட அவ்வரங்கு பழுதுற்றுக் கிடந்தது. 2016இல் 527 பேரிடமிருந்து 741,250 டொலரைக் கடனாகத் திரட்டிக் கழகம் அதனைச் செப்பனிட்டது. கழக வருவாயிலிருந்து அக்கடன் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டுமென்பது உடன்பாடு. இருக்கை முதலில் அமைந்தது. வாயிற்பணம் அதன்பின் பெருகியது. வீரருக்கு முறையான ஊதியம் வழங்கும் தொழில்முறை நிலையைக் கழகம் 2020இலேயே எய்தியது. 2022இல் இரண்டாம் பிரிவில் இடம்பெற்றது. கொஸ்மொஸ் வீரரில் தொடங்கிப் பார்வையாளரைத் தேடியது. டெட்ரோயிட் பார்வையாளரில் தொடங்கி வீரரை அடைந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கையின் பழைய கழகங்களுள் ஒன்றான சோண்டர்ஸ் 1918இல் தோன்றியது. உதைபந்தாட்டச் சங்கம் 1939இல் அமைந்தது. 2021இல் தொடங்கிய சுப்பர் லீக்கில் இடம்பெற்ற பத்துக் கழகங்களுள் மூன்று முப்படையினருக்குரியவை. அவற்றின் வீரருக்கு அரசே ஊதியமளிப்பதால் வாயிற்பணம் அவற்றுக்கு உயிர்நாடியன்று. கிழக்குக் கரையிலிருந்து ஒரு கழகமேனும் அப்பத்தினுள் இடம்பெறவில்லை. தேசிய சம்மேளனமே 2023 சனவரி முதல் ஆகத்து வரை உலகச் சம்மேளனத்தின் தடைக்கு உள்ளாகியமை, மேலிருந்து வரும் உதவியை மட்டும் நம்பியிருத்தலின் ஆபத்தைக் காட்டியது.

கல்முனைக் கரையோரத்துக் கழகங்கள் மாநகர சபைக்கோ பாடசாலைக்கோ உரிய மைதானங்களிலேயே ஆடுகின்றன. கடைக்காரர், நெசவு முதலாளிமார், மத்திய கிழக்கில் தொழில் புரிவோர் ஆகியோரின் நன்கொடையாலேயே அவற்றின் செலவு பெரும்பாலும் நடைபெறுகின்றது. இந்நன்கொடை போற்றத்தக்கது. எனினும் கல்கத்தாவில் நிகழ்ந்தவாறு, கொடுப்போர் ஊரைவிட்டு அகலவும் கூடும். தொழில் நலியவும் கூடும். ஒரு சுற்றுப்போட்டியின் கிண்ணத்துக்காக வெளியூர் வீரருக்குக் கொடுக்கும் பணம் அப்போட்டியோடு முடிகின்றது. நிழலுள்ள இருக்கைக்கும், பெண்களும் சிறுவரும் அமரும் வசதிக்கும் இடும் பணமோ ஆண்டுதோறும் பயன்தரும். மைதானம் பிறருக்குரியது என்பதும் தடையன்று. ஹம்ட்ராமிக் அரங்கும் பாடசாலைக்குரியதே.

இதற்கு முதற்படி கணக்கேடாகும். சந்தா எவ்வளவு, நன்கொடை எவ்வளவு, சீட்டு எவ்வளவு, செலவு எதற்கு என்பவற்றை ஆண்டுதோறும் ஊரார் முன் வைக்கும் கழகத்துக்கே நூறு பேர் சிறுதொகை கொடுக்க முன்வருவர். இன்று கழகச் செயலாளரின் வீட்டுப் பெட்டிகளிற் கிடக்கும் பற்றுச்சீட்டுகளும் அறிவித்தல்களும் நாளைய வரலாற்றுக்கு மூலங்களாகும். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை இக்கரையில் எத்தனையோ ஆவணங்களைக் கொண்டு சென்றது. எஞ்சியவற்றைத் தேடிப் பேணுதல் இப்பிரதேசத்து வரலாற்று மாணவரின் கடனாகும்.