சியர்லீடிங்: கோச்சுக்கும் லெவல் உண்டு

சியர்லீடிங் என்றதும் நம்மாட்களுக்கு 2008 ஐபிஎல் தான் ஞாபகம் வரும். அமெரிக்காவில் அது பல்டியும் பிரமிடும் கலந்த போட்டி விளையாட்டுங்க.

1948-ல் டெக்சாஸில் லாரன்ஸ் ஹெர்க்கிமர் நடத்திய முதல் பயிற்சி முகாமுக்கு வந்தது 52 பெண்கள், ஒரே ஒரு பையன் (பாவம்!). அடுத்த வருடமே சுமார் 350 பேர். யார் எதுவரை செய்யலாம் என்ற லெவல் கணக்கெல்லாம் அன்றைக்கு இல்லை.

2003-ல் யுஎஸ்ஏஎஸ்எஃப் அமைப்பு வந்து, கிளப் அணிகளுக்குப் பொதுவான லெவல்களை வகுத்தது. லெவல் 1-ல் குட்டிக்கரணம், கார்ட்வீல் மாதிரி எளியவை தான். பின்பக்கம் கை ஊன்றித் தாவும் ஹேண்ட்ஸ்பிரிங் லெவல் 2-ல். கை தரையில் படாத பல்டிக்கு லெவல் 3 வரை காத்திருக்க வேண்டும்.

இங்கே தான் கோச்சுக்குச் சோதனை. உச்ச லெவலில் ஆடியவர் லெவல் 1 பிள்ளைகளுக்குக் கோச்சாக வந்தால், தன் வித்தையை மூட்டை கட்டி வைக்க வேண்டும். ஒரு பொண்ணு ஆசைப்பட்டு ஹேண்ட்ஸ்பிரிங் போட்டால் அணிக்கு மார்க் கழியும். கொடுமையாகத் தெரியலாம். ஆனால் கீழே நிற்பவர்களுக்குச் சரியாகப் பிடிக்கத் தெரியாவிட்டால், மேலே தூக்கப்பட்டவளின் கழுத்து தான் போகும். அதனால் கோச்சின் வேலை, அத்தனை பேரின் குட்டிக்கரணத்தையும் ஒரே நொடியில் முடிய வைப்பது!

(காமர்ஸ் மூளைக்கு உறுத்திய ஒன்று: அந்த அமைப்பு தொடங்கக் கடன் கொடுத்ததே, போட்டி நடத்தி யூனிஃபார்மும் விற்கும் வார்சிட்டி கம்பெனி.)