பிரேட்செல்

பிரேட்செல் என்பது தெற்கு ஜெர்மனியில் பெரிதும் உண்ணப்படும், முடிச்சு வடிவம் கொண்ட ஒரு வகை ரொட்டி ஆகும். மார்பின் குறுக்கே கட்டிய கைகளைப் போலத் தோன்றுவதால், கை எனப் பொருள்படும் பிராக்கியம் என்ற இலத்தீன் சொல்லில் இருந்து இப்பெயர் பிறந்தது என்பர். ஜெர்மனியில் ரொட்டி சுடுவோரின் தொழிற்சின்னமும் இதுவே.

காரக்கரைசல்

பலரும் எண்ணுவது போல் பிரேட்செலைப் பிற ரொட்டிகளில் இருந்து வேறுபடுத்துவது அதன் முடிச்சு அன்று; சுடுவதற்கு முன் அது எரிசோடாக் கரைசலில் (சோடியம் ஐதராக்சைடு) நனைக்கப்படுவதே ஆகும். ஜெர்மனியில் இக்கரைசலின் செறிவு 4 விழுக்காட்டுக்கு மேற்படுவதில்லை. காரம் மாவின் மேற்பரப்பில் மெய்லார்ட் வினையை விரைவுபடுத்துவதால் பளபளப்பான செம்பழுப்பு நிறமும் தனிச்சுவையும் உண்டாகின்றன. அடுப்பில் காரம் கார்பன் டை ஆக்சைடுடன் சேர்ந்து கார்பனேட்டாக மாறிவிடுவதால், சுட்ட பிரேட்செல் உண்பதற்குத் தீங்கற்றது.

வீட்டில் செய்தல்

மைதா மாவு 500 கிராம், வெதுவெதுப்பான நீர் 280 மில்லி லிட்டர், வெண்ணெய் 30 கிராம், உப்பு 10 கிராம், உலர் ஈஸ்ட் 7 கிராம் ஆகியவற்றைச் சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்து ஒரு மணி நேரம் மூடி வைக்க வேண்டும். பின் எட்டாகப் பிரித்து, நடுவில் தடித்தும் முனைகளில் மெலிந்தும் இருக்குமாறு அரை மீட்டர் நீளத்திற்கு உருட்டி, முனைகளை இருமுறை முறுக்கி மடித்து ஒட்ட வேண்டும். அரை மணி நேரம் உப்பவிட்ட பின்னர், குளிர்பதனப் பெட்டியில் மூடாமல் ஒரு மணி நேரம் வைத்தால் மேற்புறம் உலர்ந்து தோல் போலாகும். இதைத் தவிர்த்தால் நனைக்கும்போது மாவு உருக்குலைந்துவிடும். நனைத்தபின் கல்லுப்புத் தூவி, 220 பாகை செல்சியசில் ஏறத்தாழ 15 நிமிடங்கள் சுட வேண்டும்.

எரிசோடா தோலையும் கண்ணையும் அரிக்கும். உணவுத் தரமுடைய எரிசோடாவையே, கையுறையும் கண்ணாடியும் அணிந்து, ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் 40 கிராம் வீதம் சிறிது சிறிதாக இட வேண்டும். எரிசோடாவின் மேல் நீரை ஒருபோதும் ஊற்றலாகாது. அலுமினியத் தட்டுகளைக் காரம் அரிப்பதால் அவற்றையும் தவிர்க்க வேண்டும்.

இதற்கு அஞ்சுவோர் கொதிநீரில் சமையல் சோடாவைக் கரைத்து, மாவை அதில் அரை நிமிடம் இட்டு எடுப்பர். நிறமும் சுவையும் சற்றுக் குறைவே. சமையல் சோடாவை முன்னதாகவே 120 பாகை செல்சியசில் ஒரு மணி நேரம் சூடாக்கினால் அது சோடியம் கார்பனேட்டாக மாறி, காரத்தன்மை கூடும். வேதிப்பெயர் ஒன்றே ஆயினும், கடைகளில் விற்கும் சலவைச் சோடா உணவுக்கு உகந்ததன்று.

வட்டார வேறுபாடுகள்

சுவாபியப் பிரேட்செலின் கைகள் மெலிந்து மொறுமொறுப்பாகவும், அடிப்பகுதி தடித்தும் இருக்கும். அப்பகுதி கத்தியால் கீறப்படும். பவேரிய வகையின் கைகள் தடித்தவை. அது கீறப்படாமல் தானாகவே வெடிக்கும். பவேரிய பிரேட்செல் 2014இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டைப் பெற்றது. அங்கு இதனை வெள்ளைத் தொத்திறைச்சியுடனும் இனிப்புக் கடுகுடனும் காலை உணவாக உண்பர்.