நிஜாமின் பத்து லட்சம் பவுண்ட்

ஜீடிமெட்லாவுக்கு வேலைக்கு வந்த பிறகுதான் இந்தக் கதை எனக்குத் தெரியவந்தது.

1948 செப்டம்பர். இந்திய ராணுவம் ஹைதராபாத்துக்குள் நுழைந்திருந்த நேரம். நிஜாம் அரசின் லண்டன் வங்கிக் கணக்கிலிருந்து 10 லட்சம் பவுண்டுக்குச் சற்று அதிகமான தொகை, அங்கிருந்த பாகிஸ்தான் ஹைகமிஷனர் ரஹீம்தூலா பெயருக்கு மாறியது. என் அனுமதியில்லாமல் நடந்தது என்று சில நாட்களிலேயே நிஜாம் திருப்பிக் கேட்டார். பாகிஸ்தான் தரப்பு சம்மதிக்காமல் வங்கி கொடுக்கவில்லை.

நிஜாம் வழக்குப் போட்டார். பாகிஸ்தான் இறையாண்மையுள்ள நாடு, அதன் சம்மதமின்றி விசாரிக்க முடியாது என்று 1957-ல் பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது. பேச்சுவார்த்தையும் பலிக்கவில்லை. 1967-ல் நிஜாம் காலமானார். பணம் மட்டும் வங்கியிலேயே வட்டி போட்டு வளர்ந்தது.

2013-ல் பாகிஸ்தானே பணம் கேட்டு வழக்குப் போட்டது. அத்தோடு அந்தப் பழைய கவசம் கழன்றுவிட்டது! ஹைதராபாத்துக்கு அனுப்பிய ஆயுதங்களுக்கான விலை என்ற அதன் வாதம் எடுபடவில்லை. 2019 அக்டோபர் 2 அன்று லண்டன் உயர்நீதிமன்றம், இந்தியாவுக்கும் நிஜாமின் பேரன்கள் இருவருக்கும் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தொகை சுமார் 3.5 கோடி பவுண்ட்.

இடையில் இரு நாடுகளும் போரே நடத்திவிட்டன. ஆனாலும் இந்தக் கணக்கைத் தீர்த்தது ஒரு நீதிபதிதான். என்ன, எதிராளி தானாக கோர்ட் படியேறும் வரை 65 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் பணத்தைக் கேட்டவரே போய்ச் சேர்ந்துவிட்டார்.