ஜுரமும் கல்லீரலும்: தென்னார்க்காட்டு வழக்கம் ஒன்றின் வரலாறு

தென்னார்க்காட்டிலிருந்து 1993 ஆம் ஆண்டு தனி மாவட்டமாய்ப் பிரிந்த விழுப்புரம் பிரதேசத்தில், திண்டிவனத்துப் பக்கத்து ஏரிப் பாசன வயல்களின் வரப்போரங்களில் விதைப்பாரின்றி முளைக்கும் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி அரைத்து, கண் மஞ்சளித்தவர்களுக்குப் பாலிலோ மோரிலோ கலந்து காலையில் வெறும் வயிற்றில் கொடுப்பதும், எண்ணெயையும் காரத்தையும் விலக்கிக் கஞ்சியையே ஆகாரமாக வைப்பதும் தலைமுறைகளாய் வந்த சம்பிரதாயம். சளியோடு வரும் ஜுரத்துக்கும் அக்கஞ்சியே பத்தியம்.

1918 ஆம் ஆண்டு பம்பாய்த் துறைமுகத்தில் தொடங்கி, தேசமெங்கும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்ட இன்புளுயன்சாவுக்கு ரயிலே வாகனமாயிருந்தமையால், புதுச்சேரிக்கும் காட்பாடிக்கும் கிளை பிரியும் விழுப்புரம் சந்திப்புக்கு அதிலிருந்து விலகி நிற்க வழியிருக்கவில்லை. சுவாசத்தைப் பற்றிய அந்த ஜுரத்தில் சிலருக்குக் காமாலையும் கண்டதை அக்காலத்து மருத்துவர்கள் குறித்திருக்கின்றனர்.

நூறாண்டு கழித்துக் கொரோனா வந்து, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நோயாளிகள் மூச்சுக்குப் போராடிய 2020 இல், கல்லீரல் நொதிகள் ரத்தத்தில் உயர்வதை உலகெங்கும் மருத்துவர்கள் கண்டனர். பிராணவாயுக் குறைவு, உடலெங்கும் மூண்ட அழற்சி, நுண்ணிய ரத்தக் கட்டிகள், மருந்துகளின் சுமை ஆகியன அதற்குக் காரணங்கள். பெரும்பாலோர்க்கு அது லேசாயிருந்து நோயோடு தணிந்தது. ஆயினும் ஜுரம் தணிக்கும் பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலையே கெடுக்கும். சித்த மருந்தாகிய கபசுரக் குடிநீரிலும் சேரும் சீந்தில் கொடியைத் தனியே நெடுநாள் உண்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி கண்டதாக 2021 இல் மும்பை மருத்துவர்கள் எழுத, ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது.

கீழாநெல்லியும் பரிசோதனைக்கு உள்ளானதே. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தியாகராஜனும் நோபல் பரிசு பெற்ற புளும்பர்க்கும் பிறரும், ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களுள் அம்மூலிகை உண்ட 37 பேரில் 22 பேருக்கும், வெற்று மருந்துண்ட 23 பேரில் ஒருவருக்கும் கிருமியின் அடையாளம் நீங்கியதென்று 1988 இல் வெளியிட்டனர். பிற்பாடு வேறிடங்களில் நடந்த ஆய்வுகளில் அப்பலன் கிட்டவில்லை.

ஆகவே மூலிகையின் குணம் இன்னும் நிர்ணயமாகாத விஷயமே; அதைச் சூழ்ந்த பத்தியத்தின் உட்கருத்தாகிய மிதமோ எக்காலத்துக்கும் உரியது. ஜுரம் கண்டவுடன் மாத்திரையையும் நாட்டு மருந்தையும் சாராயத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கல்லீரலில் ஏற்றுவோர்க்கு அம்மிதத்தை எடுத்துரைப்பதும், கண் மஞ்சளித்தவரைக் கீழாநெல்லியோடு நிறுத்தாமல் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வதும் இவ்வழக்கத்தைப் போற்றுவோரின் கடமை.