எந்த ஓட்ஸ்?

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள், டாக்டர் என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "காலையில என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார்.

"ஓட்ஸ்தான் டாக்டர். மூணு மாசமா வேற எதையும் தொடறதில்ல" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"எந்த ஓட்ஸ்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஓட்ஸில் எத்தனை விதம் இருந்துவிடப் போகிறது என்று நினைத்திருந்தவன் நான். மனைவி போன பிறகு காலைச் சமையல் என் தலையில் விழுந்தது. சின்னப் பாக்கெட்டைக் கிழித்து வெந்நீர் ஊற்றினால் மூன்று நிமிடத்தில் மசாலா மணக்க ஒரு கிண்ணம் தயார். ஆனால் சர்க்கரை இறங்கவில்லை, ரத்த அழுத்தமோ முன்னைவிட ஏறியிருந்தது. "அடுத்த தடவை அந்தப் பாக்கெட்ட எடுத்துட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

முப்பது வருடத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கோப்பை முதல் பக்கத்திலிருந்து படிக்காமல் குறிப்பு எழுத வராது. ஓட்ஸின் கோப்பையும் அப்படித்தான் பிரித்தேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இந்தத் தானியம் பள்ளிக்கூடத்திலேயே அறிமுகம். 'அவுவான்' என்பார்கள். ஆனால் அது குதிரைக்குப் போடுவது. குதிரைக்கு ஒரு வேளைக்கு அளந்து போடும் அவுவானுக்கு 'பிக்கொத்தேன்' என்று தனி அளவே உண்டு. மனிதர்கள் அதைச் சாப்பிடுவதாக எந்தப் பாடத்திலும் படித்த நினைவில்லை.

சாப்பிட்டிருக்கிறார்கள் என்பதற்கு நல்ல சாட்சியே ஒரு பிரெஞ்சு எழுத்துதான். 14-ஆம் நூற்றாண்டில் வரலாறு எழுதிய ஃப்ருவாசார், 1327-இல் இங்கிலாந்துக்குள் புகுந்த ஸ்காட்லாந்துப் படையைப் பற்றிச் சொல்கிறார். ஒவ்வொரு வீரனும் குதிரைச் சேணத்தில் ஒரு தட்டையான இரும்புத் தகடும், பின்னால் ஒரு சிறு பை ஓட்ஸ் மாவும் வைத்திருந்தானாம். தகட்டை நெருப்பில் காயவைத்து, மாவைத் தண்ணீரில் குழைத்து மெல்லிய அடை சுட்டுத் தின்றுவிட்டு நடையைக் கட்டுவார்களாம். ஃப்ருவாசார் இதை நேரில் பார்த்தவர் அல்லர். அந்தப் போருக்குப் போய்வந்த ழான் ல பெல் எழுதி வைத்ததிலிருந்து எடுத்துக்கொண்டார். அவசரச் சாப்பாடு என்பது நம் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல என்று அப்போதுதான் உறைத்தது.

ஸ்காட்லாந்துக்காரர்கள் ஆசைப்பட்டு ஓட்ஸுக்குப் போகவில்லை. குளிரும் ஈரமும் மிகுந்த மண், கோடையும் குட்டை. அங்கே கோதுமை சரியாக வராது, ஓட்ஸ் வரும். நறுக்கியோ அரைத்தோ, தண்ணீரும் உப்பும் சேர்த்து, 'ஸ்பர்ட்டில்' என்ற மரக்குச்சியால் நெடுநேரம் கிண்டிக் கஞ்சி காய்ச்சினார்கள். நம் கேழ்வரகுக் கூழும் துடுப்பும் மாதிரிதான். இங்கிலாந்துக்காரர்களுக்கு இதில் இளக்காரம். 1755-இல் வெளிவந்த தன் அகராதியில் சாமுவேல் ஜான்சன், இங்கிலாந்தில் குதிரைக்குப் போடுவதை ஸ்காட்லாந்தில் மக்கள் தின்கிறார்கள் என்ற பொருளில் இதற்கு விளக்கம் எழுதினார். அதனால்தான் அங்கே குதிரைகளும் இங்கே மனிதர்களும் திடமாக இருப்பதாக ஒரு ஸ்காட்லாந்துக்காரர் திருப்பிக் கொடுத்ததாகக் கதை.

அடுத்த அத்தியாயம் அமெரிக்காவில். ஒஹையோ மாநிலம் ஆக்ரன் ஊரில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஃபெர்டினாண்ட் ஷூமாக்கர் என்ற ஜெர்மானியர் 1850-களில் ஓட்ஸ் ஆலை தொடங்கினார். அங்கேயும் அதைக் குதிரைத் தீவனம் என்று கேலி செய்தவர்கள் உண்டு. 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் ராணுவம் வாங்கத் தொடங்கியது, வியாபாரம் பெருகிற்று. 1870-களில் தானியத்தைக் கத்திகளால் ஒரே சீராக வெட்டும் இயந்திரம் வந்தது. இன்று 'ஸ்டீல் கட்' என்று விற்பது இந்த வகைதான். பிறகு தானியத்தை ஆவியில் வேகவைத்து உருளைகளுக்கு நடுவே விட்டுத் தட்டையாக்கினார்கள். அதுதான் 'ரோல்டு ஓட்ஸ்'. நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்து அவலாக்கிய நம் பாட்டிமார்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இருந்திருக்காது.

1877-இல் அதே மாநிலத்தில் ரவென்னா ஊர் ஆலை ஒன்று 'குவேக்கர்' என்ற பெயரையும் படத்தையும் பதிவு செய்தது. குவேக்கர் சமயத்தாருக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நேர்மையானவர்கள் என்று அவர்களுக்கு இருந்த நல்ல பெயருக்காக வைத்ததுதான். 1881-இல் அந்த ஆலையை வாங்கிய ஹென்றி குரோவெல், பீப்பாயில் அள்ளி விற்பதை விட்டு, அச்சிட்ட அட்டைப் பெட்டியில் போட்டு, சமைக்கும் முறையையும் பெட்டி மேலேயே போட்டு விற்றார். ஷூமாக்கருக்கு விளம்பரத்தில் நம்பிக்கை இல்லை, காப்பீட்டிலும் இல்லை. 1886-இல் அவருடைய பெரிய ஆலை எரிந்தபோது காப்பீடு செய்யாத நஷ்டம் முழுவதும் அவர் தலையில் விழுந்தது. கடைசியில் போட்டியாளர்களோடு சேர வேண்டியதாயிற்று. 1901-இல் குவேக்கர் ஓட்ஸ் கம்பெனி உருவானது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் நிமிடக் கணக்கு. 1922-இல் 'குவிக் ஓட்ஸ்' வந்தது. தானியத்தைத் துண்டாக்கி, இன்னும் மெல்லிசாகத் தட்டியது. 1966-இல் 'இன்ஸ்டன்ட்' வந்தது. முன்பே வேகவைத்து உலர்த்தியது, வெந்நீர் ஊற்றினால் போதும். முழுசாக வெட்டியதற்கு அரை மணி, ரோல்டுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம், குவிக்குக்கு இரண்டு மூன்று, இன்ஸ்டன்ட்டுக்கு அதுவும் வேண்டாம்.

கோப்பில் நான் கண்ட விஷயம் இதுதான். அடுப்பில் மிச்சமான ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஈடாக, நம் வயிறு செய்ய வேண்டிய வேலையில் ஒரு பங்கை ஆலையே செய்துவிடுகிறது. தானியம் எவ்வளவு முழுசாக இருக்கிறதோ அவ்வளவு மெதுவாகச் செரிக்கும், ரத்தத்தில் சர்க்கரை நிதானமாக ஏறும். முன்பே வெந்து மெல்லிசானது சீக்கிரம் கரைந்து சீக்கிரம் ஏற்றிவிடும். போதாததற்கு, சுவையூட்டிய பாக்கெட்டுகளில் உப்போ சர்க்கரையோ கூடவே வந்துவிடுகிறது. நான் மூன்று மாதம் சாப்பிட்டது அதைத்தான்.

ஓட்ஸின் நல்ல பெயருக்குக் காரணம் பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து. தண்ணீரில் குழகுழவென்று ஆகிற அந்தப் பொருள் கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும். நாளைக்கு 3 கிராம் அது கிடைத்தால், கொழுப்பு குறைந்த சாப்பாட்டோடு சேர்ந்து, இதய நோய் அபாயத்தைக் குறைக்கலாம் என்று பெட்டியில் போட்டுக்கொள்ள 1997-இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. 100 கிராம் ஓட்ஸில் அது ஏறக்குறைய 4 கிராம் இருக்கும். நான் போடும் 40 கிராமில் அந்த அளவில் பாதிதான் கிடைக்கும். ஆகவே ஒரு கிண்ணத்திலேயே எல்லாம் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம்.

இப்போது கடையில் நான் பார்ப்பது மூன்று. பொருட்கள் பட்டியலில் 'ஓட்ஸ்' என்ற ஒரே சொல் இருக்க வேண்டும். 'ரோல்டு' அல்லது 'ஸ்டீல் கட்' என்று போட்டிருக்க வேண்டும். தேதி புதிதாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஓட்ஸில் எண்ணெய்ச் சத்து அதிகம், நாள்பட்டால் காறல் வாடை வந்துவிடும். அதனால் சின்னப் பாக்கெட்டாக வாங்கி டப்பாவில் இறுக மூடி வைக்கிறேன்.

செய்முறை சுலபம். அரை டம்ளர் ரோல்டு ஓட்ஸை வெறும் வாணலியில் வாசனை வரும் வரை வறுத்து, ஒன்றேகால் டம்ளர் தண்ணீர் ஊற்றி, சிறு தீயில் ஆறு நிமிடம். இறக்கி ஆறியதும் மோர், நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை. உப்பு கடைசியில் ஒரு சிட்டிகை. கஞ்சிதான், வேறொன்றும் இல்லை. ஸ்டீல் கட் என்றால் இரவே ஊறப்போட்டுவிடுவேன். காலையில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். அதற்குள் பேப்பரில் முதல் பக்கம் முடிந்துவிடுகிறது.

அடுத்த பரிசோதனையில் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருந்தது, அழுத்தமும்தான். எல்லாம் ஓட்ஸால் என்று சொல்ல மாட்டேன். மாத்திரையும் கடற்கரை நடையும் உண்டு. டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு மறுபடியும், "எந்த ஓட்ஸ்?" என்றார்.

"1870-களில் வந்தது, டாக்டர்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. காலாவதியான சரக்கு என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. பாக்கெட்டை எடுத்துக் காட்ட வேண்டியதாயிற்று.